36ஆம் எண் பல்லைப் பற்றி அவனுக்கு எப்படித் தெரிந்தது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2026 ஜனவரி 9

"நான் வழக்கமாகப் போகும் பல் மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்கள் திருடு போய்விட்டதாக நண்பர் சொன்னார். வங்கி விவரம் போனால் கவலைப்படலாம். எனக்கு எத்தனை சொத்தைப் பல், எதில் கேப் போட்டிருக்கிறேன் என்பதைத் தெரிந்துகொண்டு ஒருவன் என்ன செய்துவிட முடியும்? பெயரும் கைபேசி எண்ணும் ஏற்கனவே ஊரெல்லாம் சுற்றிக்கொண்டுதானே இருக்கின்றன?"

2026 ஜனவரி 10, காலை

என்ன செய்துவிட முடியும் என்பதை மூன்று நாள்களுக்கு முன்பு என் வீட்டிலேயே பார்த்தேன். ஆகவே விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 67 வயது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மூன்று நாற்காலிகள் கொண்ட ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. அங்கே அவருக்கு ரூட் கெனால் முடித்து, டிசம்பர் 11ஆம் தேதி ஜிர்கோனியா கேப் பொருத்தினார்கள். ஜனவரி 7, புதன்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு அம்மாவின் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் நல்ல தமிழில், நிதானமாக, அம்மாவின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துவிட்டு இப்படித் தொடங்கினானாம்: "போன மாசம் பதினொண்ணாம் தேதி கீழ் இடது பக்கக் கடவாய்ப் பல்லுக்கு கேப் போட்டீங்களேம்மா, நம்பர் முப்பத்தாறு, அது சம்பந்தமாத்தான் பேசுறேன். வலி ஏதும் இல்லையே?"

பல் மருத்துவர்கள் பற்களை இரண்டு இலக்க எண்ணால் குறிப்பார்கள். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதையும், இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் சொல்லும். 36 என்றால் கீழ்த்தாடையில் இடப்பக்கத்து முதல் கடவாய்ப் பல். அம்மாவின் கையிலிருந்த ரசீதிலும் அந்த எண்தான் அச்சாகியிருந்தது. அவர் ரசீதை எடுத்துப் பார்த்து, 36 என்பதைக் கண்ட பிறகு அவனை முழுமையாக நம்பிவிட்டார். ரகசியக் குறியீடு என்று அம்மா நினைத்தது அந்த எண்ணைத்தான்.

கேப்புக்கு உரிய உத்தரவாத அட்டை பதிவாகவில்லை என்றும், ஐந்து ரூபாய் செலுத்திப் பதிவு செய்துகொண்டால் பத்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்றும் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பினான். அனுப்பிய எண்ணின் முகப்புப் படத்தில் மருத்துவமனையின் சின்னம் இருந்தது. அந்தக் கோப்பு அட்டை அல்ல, ஏபிகே எனப்படும் செயலிக் கோப்பு. நிறுவியதும் அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, அம்மா அனுமதித்தார். ஐந்து ரூபாய்க்காக டெபிட் அட்டை எண்ணைக் கொடுத்தார். அதற்குப் பிறகு வங்கியிலிருந்து வந்த ஓடிபி எல்லாம் நேராக அவனுக்கே போய்ச் சேர்ந்தன.

2026 ஜனவரி 10, இரவு

எவ்வளவு பணம் போயிற்று என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். மூன்று தவணையாக 38,500 ரூபாய் போயிற்று. அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வரும் கணக்கு அது. இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930க்கு நான் பேசும்போது மணி 12.50. பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளில் ஒன்றில் 19,000 ரூபாயை முடக்க முடிந்திருக்கிறது. மீதி அதற்குள் வேறெங்கோ நகர்ந்துவிட்டது. இப்படி ஏமாந்தவர்கள் முதலில் காவல் நிலையத்துக்கு ஓடாமல் 1930க்கு அழைக்க வேண்டும். கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், அரை மணி நேரத்தில் கைக்கு எட்டுவது மூன்று மணி நேரத்தில் எட்டாது.

2026 ஜனவரி 12

கேள்வி கேட்ட வாசகருக்கு இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். பல் மருத்துவமனையில் நாம் கொடுப்பது பல்லைப் பற்றிய தகவல் மட்டும் அல்ல. முதல் நாள் நாற்காலியில் உட்காரும் முன்பு இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்கிறார்கள். அதில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, மஞ்சள் காமாலை, எச்ஐவி, கர்ப்பம், ஒவ்வாமை, தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். இவற்றைக் கேட்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பல் பிடுங்கினால் இரத்தம் எளிதில் நிற்காது. எலும்புத் தேய்மானத்துக்குச் சில மருந்துகளை எடுத்துக்கொள்கிறவருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். எனவே நோயாளி பொய் சொல்லக் கூடாது, மருத்துவரும் கேட்காமல் இருக்கக் கூடாது. நாம் உண்மையைச் சொல்லும் இடம் என்பதால்தான் அந்தப் படிவத்துக்கு இவ்வளவு மதிப்பு.

நேற்று அம்மாவின் படிவத்துடைய நகலை மருத்துவமனையிலிருந்து வாங்கினேன், என்னென்ன வெளியே போயிருக்கக்கூடும் என்று தெரிந்துகொள்வதற்காக. மாத்திரைகள் என்ற இடத்தில் அம்மா தன் உருண்டையான கையெழுத்தில் நான்கு பெயர்களை எழுதியிருந்தார். மூன்று எனக்குத் தெரியும். நான்காவது, அப்பா போன பிறகு அவர் தொடங்கிய மாத்திரை என்பது வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது புரிந்தது. இரண்டு ஆண்டுகளாக எங்கள் யாரிடமும் சொல்லாமல், பல் மருத்துவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அது என்ன மாத்திரை என்பதை இங்கே எழுத மாட்டேன். நகலை மடித்து அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஒரு வரி இப்போது முகம் தெரியாத ஒருவனிடம் இருக்கிறது. சொத்தைப் பல்லைத் தெரிந்துகொண்டு என்ன செய்வான் என்ற கேள்விக்கு என்னுடைய பதில் 38,500 ரூபாய் அல்ல, அந்த வரிதான்.

2026 ஜனவரி 13

இன்று கோபத்துடன் எழுதுகிறேன். மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். நோயாளிகளின் பட்டியல், ரசீது, கைபேசி எண் எல்லாம் அவள் கையில்தான் இருக்கின்றன. வெளியே கொடுத்தது நீதானா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். "நான் இல்லக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. மருத்துவர் சிகிச்சையில் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு என்னவோ இது உள்ளிருந்து நடந்த வேலை என்றே தோன்றுகிறது.

2026 ஜனவரி 19

மேலே உள்ள குறிப்பைத் திருத்துகிறேன். அழித்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் நான் ஒருவர்மீது சுமத்திய பழி இருந்த இடத்திலேயே அது தவறு என்பதும் இருக்க வேண்டும். அந்தப் பெண் எதையும் யாரிடமும் கொடுக்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் மருத்துவரே என்னை அழைத்து, கணினியைப் பரிசோதித்தவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னார். வரவேற்பு மேசையிலுள்ள கணினியில் இன்னமும் விண்டோஸ் 7 இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். வாய்க்குள் வைத்துப் படம் எடுக்கும் எக்ஸ்ரே சென்சாரின் பழைய மென்பொருள் புதிய விண்டோஸில் இயங்குவதில்லை என்றும், சென்சாரை மாற்ற லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும் என்றும் சொன்னார். அதே கணினியில், நோயாளிப் பதிவு மென்பொருளை விற்றவர்கள் பழுது பார்ப்பதற்காக, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை எப்போதும் திறந்தே வைத்திருந்தார்கள். திரையின் வலது கீழ் மூலையில் அதன் சின்னஞ்சிறு சன்னல் இருந்ததை நானே பலமுறை, ரசீதுக்காகக் காத்திருந்தபோது, பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 27ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல் அந்த வழியாக ஒருவன் நுழைந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உள்ளே இருந்திருக்கிறான். நோயாளிப் பட்டியலை எக்செல் கோப்பாக எடுத்திருக்கிறான். ஸ்கேன் செய்து வைத்திருந்த படிவங்கள், ஆதார் நகல்கள், தவணைக் கடனுக்காகச் சிலர் கொடுத்த பான் நகல்கள் ஆகியவை இருந்த கோப்புறையையும் எடுத்திருக்கிறான். பட்டியலில் ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள்.

இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்று சொன்னார், அதில் என் பொறுமை போயிற்று. மென்பொருள்காரர்கள் டிசம்பர் 29, திங்கட்கிழமை காலையிலேயே இதை அவருக்குத் தெரிவித்துவிட்டார்கள். அவர் கடவுச்சொல்லை மாற்றினார். அதோடு முடிந்தது என்று நினைத்தார். ஜனவரி 3ஆம் தேதி ஒரு நோயாளி தொலைபேசியில், கேப் உத்தரவாதம் என்று யாரோ கேட்கிறார்களே, நீங்கள்தானா என்று விசாரித்திருக்கிறார். எல்லோருக்கும் சொல்லிவிடலாமா என்று கேட்டது அந்த வரவேற்புப் பெண். வீணாகப் பயமுறுத்த வேண்டாம் என்று சொன்னது மருத்துவர். அம்மாவுக்கு அழைப்பு வந்தது ஜனவரி 7.

29க்கும் 7க்கும் இடையே ஒன்பது நாள்கள் இருக்கின்றன. ஒரு வரி, "எங்கள் பெயரில் யாராவது அழைத்தால் நம்பாதீர்கள்" என்ற ஒரே ஒரு வரி, அந்த ஒன்பது நாள்களில் என்றைக்கு வந்திருந்தாலும் அம்மா ரசீதை எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். திருடியவன் எங்கோ இருக்கிறான், அவன்மேல் எனக்கு இருக்கும் கோபம் பொதுவான கோபம். இந்த மௌனத்தின் மேல் இருப்பது வேறு. பல்லில் மருந்து வைத்துவிட்டு, இரவு வலிக்கலாம், வலித்தால் இந்த மாத்திரை போடுங்கள் என்று சொல்லி அனுப்புகிற மருத்துவர், இதையும் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னிலையிலும் கேட்ட கேள்விக்கு எல்லோர் முன்னிலையிலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதால், காத்திருந்தவர்கள் கேட்கும்படியே கேட்டேன்.

2026 ஜனவரி 20

ஒரு சொல் திருத்தம். நுழைந்தான் என்று எழுதியது பூட்டை உடைத்தது போன்ற எண்ணத்தைத் தருகிறது. அந்தச் செயலிக்குரிய கடவுச்சொல் மருத்துவமனையின் பெயரும் 123ம் சேர்ந்தது என்று இன்று தெரிந்தது. மென்பொருள்காரர்களின் எல்லா ஊழியருக்கும் அது தெரியும். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரியும். உடைப்பதற்கு அங்கே பூட்டே இல்லை.

2026 ஜனவரி 27

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரையிலும், தரவுக் கசிவைப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு முழு விவரத்தையும் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மென்பொருள்காரர் செய்த பிழை என்று கைகாட்டிவிடவும் முடியாது, தரவைத் திரட்டியவரே பொறுப்பு என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே நாங்கள் இந்தச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கப் போகிறோம்.

2026 ஜனவரி 29

இரண்டு நாள் முன்பு எழுதியதில் கடைசி வாக்கியம் தவறு. வழக்கறிஞரான என் தோழி தியாகராய நகரில் ஒரு காபிக்கு நடுவே அதைத் திருத்தினார்.

விதிகள் வெளியான உடனே எல்லாம் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. வாரியத்தை அமைக்கும் பகுதிதான் இப்போது நடைமுறையில் உள்ளது. கசிவைத் தெரிவிக்கும் கடமையும் அபராதமும் வெளியான நாளிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் செயலுக்கு வரும். அப்போதும் அந்த அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகுமே ஒழிய, அம்மாவைப் போன்றவர்களுக்கு ஒரு ரூபாயும் வராது. கோடிக் கணக்கைப் பார்த்து நான் மயங்கியது உண்மை. இழப்பீடு என்ற சொல் அந்தச் சட்டத்தில் நோயாளிக்கு இல்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

இன்றைக்குக் கைகொடுப்பது பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டம். அதன் 43ஏ பிரிவும், 2011ஆம் ஆண்டு விதிகளும் மருத்துவ ஆவணங்களை நுண்ணுணர்வுத் தரவு என்றே வகைப்படுத்துகின்றன. நிறுவனம் என்ற சொல்லுக்குள் தனி உரிமையாளர் நடத்தும் தொழிலும் அடங்கும். எனவே மூன்று நாற்காலி மருத்துவமனையும் தப்ப முடியாது. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரே தீர்ப்பளிக்கும் அலுவலராக இருந்து விசாரிக்கலாம். காகிதத்தில் மட்டும் இருக்கும் பதவி அல்ல இது. 2010ஆம் ஆண்டிலேயே, போலி மின்னஞ்சலை நம்பிப் பணத்தை இழந்த ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தருமாறு ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டது தமிழ்நாட்டின் தீர்ப்பளிக்கும் அலுவலர்தான். புதிய சட்டம் முழுமையாக வரும்போது இந்த 43ஏ நீக்கப்பட்டுவிடும். நோயாளி இழப்பீடு கேட்கும் கதவு மூடப்படுவதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இவை தவிர, கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி, இப்படிப்பட்ட நிகழ்வு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் மருத்துவர் அப்படி ஓர் ஆணை இருப்பதையே நான் சொல்லித்தான் அறிந்தார். எச்ஐவி நிலையைப் பதிந்து வைக்கிறவர்கள் அதைப் பாதுகாக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் தனியாகவே கட்டளையிடுகிறது. படிவத்திலுள்ள அந்த ஒரு கட்டத்துக்கு அது போதும்.

2026 பிப்ரவரி 8

வாசகர்களில் ஒருவர், அவரும் பல் மருத்துவர்தான் போலிருக்கிறது, கடுமையாக எழுதியிருக்கிறார். எய்ம்ஸுக்கே முடியாததைத் தெருமுனை மருத்துவர் எப்படிச் செய்வார் என்று கேட்கிறார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸின் சேவையகங்கள் முடங்கி, நாள்கணக்கில் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் தானியங்கிக் கணக்குகள் வழியாக வெளியே கிடைத்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்க வேண்டியிருந்தது. பெரிய இடங்களும் தப்பவில்லை என்பது சரிதான்.

சிறிய மருத்துவமனைகளின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்கள் தங்கள் தரவைத் தாங்களே வைத்திருப்பதில்லை. மென்பொருள் விற்றவரையும், காப்புப் பிரதி எடுப்பவரையும் நம்பியிருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 400 பல் மருத்துவமனைகள் ஒரே நேரத்தில் தங்கள் கோப்புகளைத் திறக்க முடியாமல் தவித்தன. அவற்றில் எதையும் யாரும் நேரடியாகத் தாக்கவில்லை. எல்லோரும் பயன்படுத்திய காப்புப் பிரதிச் சேவை ஒன்றுதான் தாக்கப்பட்டது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்களிடமிருந்து மருத்துவப் பதிவுகளைக் காப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட சேவை அது.

இருந்தாலும் அந்த மருத்துவரின் முடிவை ஏற்க மாட்டேன். எல்லாத் திருட்டையும் தடுக்கும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. எக்ஸ்ரே சென்சாருக்குப் பழைய கணினிதான் வேண்டும் என்றால், அதை இணையத்தோடு இணைக்காமல் தனியே வைத்துவிட்டு, பதிவுகளுக்கு வேறொரு கணினியை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை. பழுது பார்ப்பவர் கேட்கும்போது மட்டும் தொலைவு இயக்கச் செயலியைத் திறக்கலாம். பல் பிடுங்குவதற்கு ஆதார் நகல் தேவையே இல்லை. வாங்காத நகல் திருடு போகாது. பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள் பதிவுகளைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. எங்கள் மருத்துவமனையில் 2009ஆம் ஆண்டில் ஒரே ஒரு முறை பல் சுத்தம் செய்துகொண்டு போனவருடைய படிவமும் அந்தக் கோப்புறையில் இருந்தது. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியவில்லை.

2026 பிப்ரவரி 9

மருத்துவமனையின் கூகுள் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்துக் கிழித்துத் தொங்கவிடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். செய்ய மாட்டேன், அதற்கு ஒரு காரணமும் உண்டு. அங்கே எழுதினால் மருத்துவமனை பதில் எழுதும். பதிலில் அம்மாவின் சிகிச்சையைப் பற்றி ஏதாவது வந்துவிடும். 2019ஆம் ஆண்டில் டாலஸ் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்று, ஒரு நோயாளியின் விமர்சனத்துக்குப் பதிலாக அவருடைய சிகிச்சை விவரத்தையே பொதுவில் எழுதி, 10,000 டாலர் கட்ட நேர்ந்தது. ஒரு கசிவைக் கண்டிக்கப் போய் இன்னொரு கசிவை உண்டாக்க எனக்கு விருப்பமில்லை.

2026 பிப்ரவரி 21

மருத்துவர் இறங்கிவந்துவிட்டார் என்று சொல்வது அவருக்கு நியாயம் செய்யாது. யோசித்து முடிவெடுத்தார் என்பதே சரி. எல்லா நோயாளிகளுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கிறார்.

அவருடைய வழக்கறிஞர் எழுதிக்கொடுத்த முதல் வரைவை என்னிடம் காட்டினார். "சில தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள் விவரங்களில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று தொடங்கியது. அதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கணினி ரிப்பேராகிவிட்டதாக்கும் என்றார். அம்மாவுக்குப் புரியாத கடிதம் வேறு யாருக்குப் புரிந்து என்ன பயன் என்று சொல்லி, நானும் அந்த வரவேற்புப் பெண்ணும் மருத்துவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து வேறு எழுதினோம். அது இது:

"டிசம்பர் 27 இரவு எங்கள் கணினியிலிருந்து உங்கள் பெயர், கைபேசி எண், முகவரி, செய்துகொண்ட சிகிச்சை, நீங்கள் நிரப்பிக் கொடுத்த உடல்நலப் படிவம் ஆகியவை திருடப்பட்டன. ஆதார் அல்லது பான் நகல் கொடுத்திருந்தால் அதுவும் போயிருக்கிறது. உங்கள் வங்கி விவரம் எங்களிடம் இல்லை, அது போகவில்லை. டிசம்பர் 29 அன்றே இது எங்களுக்குத் தெரியும். அப்போதே சொல்லாதது எங்கள் தவறு. உங்கள் பல்லைப் பற்றிச் சரியாகச் சொல்லி யாராவது பேசினாலும் நம்ப வேண்டாம். கேப், இம்ப்ளான்ட், காப்பீடு எதற்கும் நாங்கள் தொலைபேசியில் பணம் கேட்பதில்லை, செயலி அனுப்புவதில்லை. பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். சந்தேகம் இருந்தால் ரசீதில் உள்ள எண்ணில் எங்களைக் கூப்பிடுங்கள், அல்லது நேரில் வாருங்கள்."

"எங்கள் தவறு" என்ற வாக்கியத்தை வழக்கறிஞர் இரண்டு முறை அடித்தார். மருத்துவர் இரண்டு முறையும் திரும்ப எழுதினார். அன்றைக்கு அவர்மீது எனக்கு மரியாதை வந்தது.

எப்படி அனுப்புவது என்பதில்தான் நேரம் போயிற்று. தொலைபேசியில் சொல்லலாம் என்றால், மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம் என்று தொடங்கும் அழைப்புக்கும் மோசடிக்காரனின் அழைப்புக்கும் வித்தியாசம் என்ன? மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால் அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அவர்களுக்கு அந்தப் பதிவு இல்லை. கடைசியில் சாதாரணத் தபாலில், அச்சிட்ட உறையில், கடிதமாகவே அனுப்பினார்கள். தபால்தலைக்கே முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் உறைகளை முதல் இரண்டு நாள்களில் போட்டுவிட வேண்டும் என்று பட்டியலைப் பிரித்துக் கொடுத்தது அந்தப் பெண். இதே கடிதத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, செருப்பு கழற்றும் இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள்.

2026 மார்ச் 3

கடிதம் கிடைத்தவர்களில் பதினொரு பேர் தங்களுக்கும் அழைப்பு வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் மூவர் பணத்தை இழந்திருக்கிறார்கள், வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் போரூரிலிருந்து வந்து கடிதத்தை மேசைமேல் எறிந்துவிட்டு, தன் கோப்பை முழுதாக வாங்கிக்கொண்டு போனார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. பெரும்பாலானவர்கள் வழக்கம்போல வருகிறார்கள் என்று மருத்துவர் சொன்னார். பெயர் கெட்டுவிடும் என்று ஒன்பது நாள் பயந்தவர் அவர்.

அம்மாவின் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைத்தான் காவல் நிலையத்தில் முதலில் தந்தார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாக இன்னும் இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது. அதில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி) பிரிவுகள் சேர்ந்திருக்கின்றன. முடக்கிய 19,000 ரூபாயைத் திரும்பப் பெற சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறோம். மருத்துவமனையின்மீது இழப்பீட்டு மனு போடுவதா என்பதை அம்மாதான் தீர்மானிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். பணம் அவருடையது, படிவமும் அவருடையது.

2026 மார்ச் 15

அம்மா மறு பரிசோதனைக்குப் போய்வந்தார். நானும் உடன் போயிருந்தேன். புதிய படிவம் ஒரு பக்கம்தான். ஆதார் என்ற வரி இல்லை. மாத்திரைகளின் பெயரை நிரப்பும் இடத்துக்கு வந்ததும் அம்மா என்னைப் பார்த்தார். நான் எழுந்து தண்ணீர்க் குடம் இருந்த பக்கம் போய் நின்றுகொண்டேன். எழுதி முடித்து, மேசையிலிருந்த பெண்ணிடம் படிவத்தைக் கவிழ்த்துக் கொடுத்தார்.

அந்தப் பரிசோதனையை நினைவூட்ட மருத்துவமனையிலிருந்து வெள்ளிக்கிழமை ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் துண்டித்துவிட்டு, ரசீதைத் தேடி எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, இப்போது என்னைக் கூப்பிட்டது யார் என்று விசாரித்தாராம்.

"நான்தாம்மா கூப்பிட்டேன்" என்றதாம் அந்தப் பெண். "நீங்க கட் பண்ணதும் சந்தோஷமா இருந்துச்சு."